சுறாப் புட்டும் சுற்றறிக்கையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மீனை யாரும் வெறுத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு மீன் வருடம் முழுக்கத் தொங்கியது. அதை வரைந்தவள் நான்தான். 'உடல் வளர்ச்சிக்கு உதவும் உணவுகள்' என்று தலைப்புக் கொடுத்து, பருப்பு, முட்டை, பால், மீன் நான்கையும் வரைந்து வரச் சொல்லியிருந்தார் பிரின்சிபால் மேடம். அவர்தான் எங்களுக்கு அறிவியலும் எடுத்தார். மற்ற மூன்றையும் ஏனோதானோவென்று போட்டுவிட்டு, மீனுக்கு மட்டும் செதில் செதிலாக நேரம் செலவழித்தேன். "மீன் வரையறதுக்கு உனக்குச் சொல்லியா குடுக்கணும்" என்றார் மேடம். வகுப்பே சிரித்தது. பாராட்டு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

நாங்கள் தேவனாம்பட்டினம். பள்ளிக்கூடம் கடலூர் டவுனுக்குள். சுனாமி வந்து போன பிறகு, கரையோரப் பிள்ளைகள் சிலருக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவித்தார்கள். அதில் நானும் சேர்ந்தேன். அதே கருணையில் என் அத்தைக்கும் ஓர் இடம் கிடைத்தது. காம்பவுண்டுக்குள், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில், இன்டர்வெல் நேரத்தில் மசால் வடையும் போண்டாவும் விற்றுக்கொள்ளலாம். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அலை தூக்கிப் போட்ட படகு மாமாவின் இடுப்பில் விழுந்ததில் அவர் அதன் பிறகு கடலுக்குப் போகவில்லை. மாமாவும் இரண்டு பிள்ளைகளும் அந்த வேப்பமரத்தடியை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

அத்தை கடை போட்ட முதல் நாள் சிதம்பரத்திலிருந்து தாளாளர் காரில் வந்தார். போட்டோகிராபரும் வந்தார். தாளாளர் ஒரு வடையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருப்பது போலவும், அத்தை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது போலவும் ஒரு படம் ஆபீஸ் ரூமில் மாட்டப்பட்டது. படம் எடுத்து முடித்ததும் வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார் என்று அத்தை சொல்வாள். அதைக் குறையாகச் சொன்னதில்லை. பெரிய மனிதருக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சுற்றறிக்கை வந்தது. மேலிடத்து உத்தரவு என்றார்கள். எந்த மேலிடம் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு விற்கும் தின்பண்டம், குடிபானம் எல்லாவற்றுக்கும் இனிமேல் விதி உண்டு. ஆபீஸுக்கு வெளியே நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பியூன் வந்து அத்தையிடம், திங்கட்கிழமையிலிருந்து வடை போடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை என்னைக் கையைப் பிடித்து நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும்.

"வடை கூடாதுன்னா வேற எது கூடும்னு போட்டிருப்பாங்கல்ல? மொத்தத்தையும் படிடி. ஒண்ணு வுடாத."

படித்தேன். எண்ணெயில் பொரித்தவை கூடாது. சாயம் சேர்த்தவை கூடாது. சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானம் கூடாது. ஆவியில் வேகவைத்த, எண்ணெய் குறைந்த, புரதச் சத்து நிறைந்த, அன்றன்று சமைத்த உணவுகளை விற்கலாம். ஒவ்வொன்றுக்கும் அத்தை தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். புரதம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அது என்னாது?"

"ஒடம்பு வளக்கறது அத்த. பருப்பு, முட்டை, மீனு. எங்க மேடமே சொல்லிக் குடுத்தாங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து வாடிக் கிடந்த முகம் கழுவிவிட்டது போல ஆகிவிட்டது. "அட இவளே, அப்ப இது நம்மூட்டுச் சாப்பாடுதானே" என்றாள்.

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவளுக்கு முதலில் கொடுப்பது பால் சுறாப் புட்டு. சின்னச் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் போலச் சொரசொரக்கும் தோலைச் சுரண்டி எடுத்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, மறுபடி ஆவியில் வைத்து எடுப்பார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு, பேருக்கு எண்ணெய் விட்டுக் கிளறினால் தீர்ந்தது. தாய்க்குப் பால் ஊறும், பிள்ளைக்கு எலும்பு உறுதிப்படும். இதைவிட உசத்தியான சாப்பாடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்கள் கரையில் யாரும் நம்ப மாட்டார்கள். சத்தானது வேண்டும் என்று எழுதிக் கேட்டால் அத்தைக்கு வேறு எது நினைவுக்கு வரும்?

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பள்ளிக்கூடத்துக்குள்ள மீனா அண்ணி? பேசாம சுண்டல் போடுங்களேன்" என்றாள்.

"சுண்டல் ஒரு நாளு திம்பாங்க, ரெண்டு நாளு திம்பாங்க. அதுவும் இல்லாம, அவுங்களே எழுதி ஒட்டியிருக்காங்க. படிச்சவங்க பொய்யா எழுதுவாங்க?"

அம்மா டவுன் வீதிகளில் கூடை தூக்கி மீன் விற்றவள். டவுன்காரர்கள் வாசலில் எவ்வளவு தூரத்தில் நிற்கச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் கரையும், மாமாவும், அந்த வேப்பமரமும்தான்.

திங்கட்கிழமை விடியும் முன்பே கரைக்குப் போய்ச் சுறா எடுத்து வந்தாள். வீடே மணத்தது. மூடி போட்ட அலுமினியத் தூக்கில் புட்டு, மேலே ஈரத்துணி, இன்னொரு பையில் நறுக்கிய வாழையிலைத் துண்டுகள். துவைத்த புடவை கட்டி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது, எனக்குப் பரிசளிப்பு விழாவுக்குப் போவது போல இருந்தது.

இன்டர்வெல் மணி அடித்தது. அத்தை எடுத்தவுடன் யாருக்கும் தந்துவிடவில்லை. ஒவ்வொருவனையும் நிறுத்திக் கேட்டாள். "இது மீனு. ஊட்ல சாப்புடுவீங்களா? சாப்புட மாட்டீங்கன்னா வாணாம் கண்ணு, அம்மா திட்டுவாங்க." சைவ வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆசையோடு நின்றார்கள், அவர்களை அனுப்பிவிட்டாள். மற்றவர்கள் முட்டிமோதினார்கள். ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவன் இலையை நக்கிக்கொண்டே, "மச்சான், எங்கூட்ல கூட இப்பிடிச் செய்ய மாட்டாங்கடா" என்று கத்தினான். கால் மணி நேரத்தில் தூக்கு காலியாகிவிட்டது. அத்தை அடியில் ஒட்டியிருந்ததை வழித்து என் வாயில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாளாளரின் கார் உள்ளே வந்தது. சிதம்பரத்திலிருந்து அவர் மாதத்துக்கு ஒரு தரம் வருவார். அது அன்றைக்கு என்று அமைந்துவிட்டது. கண்ணாடி இறங்கியது, உடனே ஏறியது. சிறிது நேரத்தில் பிரின்சிபால் மேடம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்து வந்தார். பின்னாலேயே தாளாளர். அவர் கைக்குட்டை வைத்திருந்தார்.

"என்னம்மா இது, ஸ்கூலா மீன் மார்க்கெட்டா?"

அத்தை எழுந்து நின்றாள். "நீங்க போட்டிருந்த மாதிரிதான் மேடம் செஞ்சேன். எண்ணெயில பொரிக்கல. சாயம் இல்ல. எல்லாம் ஆவியில வெச்சது. காலைல புடிச்ச மீனு." என்னைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "பாப்பா, நீ சொல்லு. அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு சாருக்குச் சொல்லு."

நான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அத்தைக்காக நோட்டில் எழுதிக்கொண்டு போய், இரண்டு நாளில் எத்தனையோ தடவை படித்துக் காட்டியதில் சுற்றறிக்கை முழுவதும் மனப்பாடமாகியிருந்தது. காலை அசெம்பிளியில் திருக்குறள் ஒப்பிக்கிற ராகத்தில், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். புரதச் சத்து என்ற இடத்தில் மேடத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் பாடம்தானே அது.

தாளாளர் கோபக்காரர் இல்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. கைக்குட்டையை எடுக்காமலே, "பிள்ளை நல்லா படிக்குது. இதுங்களை எல்லாம் முன்னுக்குக் கொண்டுவரணும்" என்று மேடத்திடம் சொன்னார். பிறகு ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்துகொண்டே, "ரூல்ல இல்லன்னா சேத்துடுங்க" என்றார்.

சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலை சுற்றறிக்கையின் கீழே, அச்சுக்கு வெளியே, நீல மையில் ஒரு வரி கூடியிருந்தது. பள்ளி வளாகத்தில் லேபிள் ஒட்டி மூடிய பாக்கெட் பொருட்களை மட்டுமே விற்க வேண்டும். மேலிடத்து உத்தரவில் மேடத்தின் கையெழுத்து எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேடத்துக்கு எவ்வளவு அழகான கையெழுத்து என்று மட்டும்தான் தோன்றியது. அத்தைக்கு அதையும் படித்துக் காட்டினேன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். வெளியேயும் வாட்ச்மேன் நிற்கவிடவில்லை.

அடுத்த வாரம் வேப்பமரத்தடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. தாளாளரின் மச்சான் ஒருவர் ஆள் வைத்து நடத்தினார். சிப்ஸ், கலர் கலரான குச்சி அப்பளம், ஆரஞ்சு நிறத்தில் பாக்கெட் ஜூஸ். எல்லாவற்றிலும் லேபிள் இருந்தது. ஒன்றை வாங்கி முழுக்கப் படித்தேன். படிப்பதுதான் எனக்கு வியாதியாயிற்றே. சமையல் எண்ணெய், அனுமதிக்கப்பட்ட நிறம், சர்க்கரை. சுற்றறிக்கை எதையெல்லாம் கூடாது என்றதோ, அதெல்லாம் பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது. அதற்கு யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அத்தையின் பையன்கள் இரண்டு பேரும் அந்த மாதம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மாமா தெருவில் யாருடனும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் பிரின்சிபால் மேடம் ஒரு நாள் கடைசி பீரியடில் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அத்தைய நாளைக்கு வந்து பாக்கச் சொல்லு. பாவம், கஷ்டப்படறாங்கன்னு சார்கிட்ட சொல்லி ஒரு வேலை கேட்டு வெச்சிருக்கேன். பாத்ரூம் கழுவ ஆள் இல்ல. மாசச் சம்பளம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் நடையும் ஓட்டமுமாகத் தெருவுக்கு வந்தேன். அத்தை வலைக்கொட்டகையில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே கத்தினேன்.

"அத்த, ஒனக்கு எங்க ஸ்கூல்ல வேலை! மாசச் சம்பளம்! மேடமே கூப்புடறாங்க!"

பெண்கள் எல்லோரும் கையை நிறுத்தி நிமிர்ந்தார்கள். ஒருத்தி, "பாருடி, வுட்டுடுவாங்களா, நல்ல மனசுக்காரங்கதான்" என்றாள். அத்தை எழுந்தே விட்டாள். மீன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "என்னா வேலைடி? மறுபடி கடை போடச் சொல்றாங்களா?" என்றாள்.

"இல்ல அத்த. பாத்ரூம் கழுவற வேலை. நாளு பூரா ஸ்கூலுக்குள்ளயே இருக்கலாம். யாரும் வெளிய போவச் சொல்ல மாட்டாங்க."

அத்தை மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள். ஒரு கை நெத்திலியை அள்ளி முன்னால் போட்டுக்கொண்டாள்.

"அந்த நாத்தம் அவுங்களுக்கு ஒத்துக்குமாமா?" என்றாள்.

அவள் கவலை எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த, பினாயில் குடுப்பாங்க" என்றேன்.

பெண்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தை தலையை நிமிர்த்தவே இல்லை. நெத்திலி மட்டும் வேகவேகமாகப் பிரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல சேதியை மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னவளுக்கு ஒருவரும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லையே என்று எனக்கு அத்தை மேல் அன்றைக்கு ஆத்திரமாக வந்தது.