பட்டியலில் குடிநீர்

டில்லியில் கூட்டணி ஆட்சி நடந்தபோது, திருப்பதி விருந்தினர் மாளிகையில் நான் டைப்பிஸ்ட். அங்கே வந்திருந்த பிரதமர், அரசு முதலில் செய்யவேண்டியவற்றைத் தோழமைக் கட்சிக்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் ஆளுக்கொன்று சொல்லச் சொல்ல, பட்டியல் திருத்தித் திருத்தி என்னிடம் வந்தது. இரண்டாவதாக இருந்த குடிநீர் நான்காம் முறை அடித்தபோது ஒன்பதாவதாகிவிட்டது. என் ஊரான நகரியில் எங்கள் வீட்டுக் கிணறு வற்றிக் கிடந்தது, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சார், தண்ணி கீழயே போய்க்கினு இருக்குதே," என்றேன் மேலாளரிடம்.

"உனுக்கு எதுக்கும்மா? குடுத்தத அடி."

அடித்தேன். ஆனால் தாளை நானே உள்ளே கொண்டுபோய், பிரதமர்முன் வைத்து, குடிநீர் என்ற வரியில் விரலை ஊன்றினேன். கையெழுத்துக்கான இடம் என்று நினைத்து அவர் அங்கேயே கையெழுத்திட்டார். நடுவில் கையெழுத்து விழுந்த தாள் செல்லாதென்று ஐந்தாம் முறையும் அடிக்கவேண்டியதாயிற்று. வரிசை மாறவில்லை.