மூன்று ஜன்னல் தாலாட்டு

"ஆயாம்மா, நீங்க நிறுத்துன பொறவும் ஏன் பாட்டு நிக்கல?"

நாலு வயது தெய்வம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை.

1976, ஆடி மாதம். நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறையில் நான் பார்த்துக்கொண்டேன். சிலோனிலிருந்து திரும்பிய காத்தாயி, தன் எட்டு மாத மகனைச் சேலைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் போவாள். அவனுக்கென்று ஒரு தாலாட்டும் எனக்குச் சொல்லித்தந்திருந்தாள். மெட்டு பழையது. பெற்றவள் தன் கதையைத் தானே கட்டி அதில் சேர்ப்பது அவர்கள் வழக்கம். "காத்தாயி பெத்த மகனே" என்ற அடி வந்தால் மட்டும் பிள்ளை வீறிடுவான். பாலும் சரியாகக் குடிப்பதில்லை. நாளுக்கு நாள் மெலிந்தான்.

அன்று பிற்பகல், பனிமூட்டம் ஜன்னல்களை அடைத்திருந்தது. பாடினேன். அந்த அடி வருமுன் நிறுத்திக்கொண்டேன்.

பாட்டு நிற்கவில்லை.

தெய்வம்மா கேட்டது அப்போதுதான்.

தொட்டிலருகே ஒரு பெண் குரல்... மெல்ல...

"சின்னம்மை பெத்த மகனே..."

பிள்ளை சிரித்தான்.

"பனி மூடும் நடுவட்டம்... மூணு ஜன்னல் வீட்டுக்குள்ள..."

எங்கள் அறைக்கு மூன்று ஜன்னல்.

கிரீச்... கிரீச்...

காற்றே இல்லை. தொட்டில் ஆடியது.

மாலையில் காத்தாயியிடம் கேட்டேன்.

"ஏம் புள்ள, சின்னம்மை யாரு?"

அவள் முகம் வெளுத்தது.

"அந்தப் பேர யாரு சொன்னா?"

"பாட்டுல வந்துச்சு."

"செத்தும் விட்டுக்குடுக்க மனசில்லையா அவளுக்கு? ராப்பகலாத் தூக்கிச் சொமக்கிறது நானு. அவளப் பாத்துத்தான் சிரிக்கிறானா?"

பிள்ளையைப் பிடுங்குவதுபோல் தூக்கிப் போனாள். அவள் தோளுக்கு மேலாக, வெறும் தொட்டிலைப் பார்த்து அவன் கையசைத்தான்.

அவள் மாமனார் வீரையா பிறகு சொன்னார்.

"சின்னம்மை இவளோட அக்காங்க. எம் மகனுக்கு மூத்த தாரம். வயித்துப் புள்ளைக்குன்னு அந்தப் பாட்டக் கட்டுனா. இவனப் பெத்த அன்னிக்கே போய்ட்டா. பொறவு இவளக் கட்டி வச்சோம். அக்கா பேர எடுத்துட்டுத் தம் பேரப் போட்டுப் பாடுறா. அக்காவோட செவப்புச் சேலையக்கூடப் பெட்டியில பூட்டி வச்சிருக்கா."

"சின்னம்மை நடுவட்டத்துக்கு வந்திருக்காங்களா?"

"எங்கிட்டுங்க? நாங்க கப்பல் ஏறுறதுக்கு முன்னயே அவள சிலோன்லயே பொதைச்சுட்டமே."

பிறகு அந்தப் பாட்டில் மூன்று ஜன்னலைச் சேர்த்தது யார்?

காத்தாயியை நான் குறை சொல்லவில்லை. வளர்ப்பவளுக்கும் பயம் இருக்கும். அக்கா, தங்கை இருவருக்காகவும் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பிள்ளைகள் அறைக்குப் போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தரையில் ஈரக் கால்தடங்கள், வாசலிலிருந்து தொட்டில் வரை வந்து திரும்பியிருந்தன.

பழைய சேலைத் தொட்டில் அங்கே இல்லை. பெட்டியில் இருந்த மடிப்புக் கோடுகள் மறையாத சிவப்புச் சேலை ஒன்று தொட்டிலாகத் தொங்கியது.

யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. அன்று பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்தான்.