மூன்று வரியில் நான் மூடிய பரிந்துரை

1. ஐந்து பேரில் ஒருவன்

ஜோகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கிளினிக்குகளுக்கும் டயாலிசிஸ் சென்டர்களுக்கும் நோயாளிப் பதிவு சிஸ்டம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அந்த சிஸ்டம் ஓர் ஓப்பன் சோர்ஸ் வெப் ஃப்ரேம்வொர்க்கின்மேல், அதாவது உலகம் முழுவதும் பலர் பயன்படுத்தும் ஒரு பொது அடித்தளப் புரோகிராமின்மேல், கட்டப்பட்டது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் அதற்குப் புரோகிராம் எழுதித் தரலாம். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்பவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மலேசியாவில் நான் ஒருவன்தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "எப்படி சார் அந்தக் குழுவுல சேந்தீங்க?" என்று கேட்பார்கள். அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். இதைப் பற்றிப் பேசியதில்லை.

2. லாபிஸிலிருந்து வந்தது

ஃப்ரேம்வொர்க்கின் விவாதப் பக்கத்தில் ஒருநாள் புதுப் பரிந்துரை ஒன்று வந்தது. எழுதியவர் பெயர் முத்துக்குமரன். ஊர் லாபிஸ் என்று போட்டிருந்தார். ஒருவர் நீளமான ஃபாரம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து போகிறார். திரும்பி வந்து 'சேவ்' அழுத்தினால், நேரம் கடந்துவிட்டது, மறுபடி லாகின் செய் என்கிறது. லாகின் செய்து பார்த்தால் ஃபாரம் காலி. டைப் செய்ததைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தரும் வசதி வேண்டும் என்று கேட்டு, தானே எழுதிய புரோகிராமையும் இணைத்திருந்தார்.

அவருடைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறியது. படிக்கப் படிக்க எனக்கு முகம் சூடானது. மற்ற நால்வரும் இதைப் படிப்பார்களே, இவரும் ஜோகூர்த் தமிழர், நானும் ஜோகூர்த் தமிழன், இரண்டு பேரும் ஒரே ரகம் என்று நினைத்துவிடுவார்களே என்று தோன்றியது. நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான். பாலிடெக்னிக் போகும்வரை என் ஆங்கிலமும் அப்படித்தான் இருந்தது.

மூன்று வரி எழுதினேன். இது ஃப்ரேம்வொர்க்கின் வேலை இல்லை. முதலில் கையேட்டைப் படியுங்கள். அடுத்த முறை பிறருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதோடு விவாதத்தை மூடினேன். மூடிவிட்டால் அவரால் பதில் எழுத முடியாது. யாரோ இரண்டு பேர் என் பதிலுக்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

3. சிகாமட்டில் நடந்தது

சில மாதங்கள் கழித்து எங்கள் மேனேஜர் ஹெலன் மேடம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்தோணி, சிகாமட் டயாலிசிஸ் சென்டர்ல பெரிய பிரச்சினை. நர்ஸ் ஒருத்தங்க பேஷண்ட் விவரமெல்லாம் டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பாதியில ஒரு பேஷண்ட்டுக்கு வாந்தி, எந்திரிச்சுப் போய்ட்டாங்க. வந்து பாத்தா ஃபாரம் காலி. ஞாபகத்துல இருந்து திருப்பி அடிச்சிருக்காங்க."

"அலமாக்! தப்பா அடிச்சிட்டாங்களா?"

"ஒரு அம்மாவோட எடைய மாத்திப் போட்டுட்டாங்க. எடையப் பாத்துத்தான் மெஷின் ஒடம்புல இருந்து தண்ணி எடுக்கும், அடுத்த தடவ ரொம்ப எடுத்துருச்சு. பிரஷர் விழுந்து மயங்கி, ஆஸ்பத்திரியில இருக்காங்க. உசுருக்கு ஆபத்து இல்ல. நர்ஸ சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க லா. இதுக்கு ஒரு வழி இல்லையா?"

வழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மூடிய பக்கத்தைத் திறந்து முத்துக்குமரனின் புரோகிராமை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அப்படியே வேலை செய்தது. உள்ளே இருந்த பெயர்களை மாற்றினேன், வரிகளை முன்னே பின்னே நகர்த்தினேன். என் பெயரில் புதுப் பரிந்துரையாகப் போட்டேன்.

ஐந்து பேரும் வீடியோ கூட்டத்தில் அதை விவாதித்தோம். ஒருவர் கேட்டார்: "அதே கம்ப்யூட்டரில் வேறொருவர் லாகின் செய்தால், முந்தையவர் டைப் செய்தது அவருக்குத் தெரிந்துவிடாதா?"

யோசிக்காமலே பதில் சொன்னேன். ஷிஃப்ட் மாறும் இடங்களில் அப்படி நடக்கும், அதனால் அதே ஆள் திரும்பி வந்தால் மட்டும்தான் காட்டும் என்றேன்.

"ரொம்ப நன்றாக யோசித்திருக்கிறீர்கள்" என்றார்.

யோசித்தவர் முத்துக்குமரன். அந்தத் தடுமாறும் ஆங்கிலத்தில் இதை இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். நான் நன்றி சொன்னேன். பரிந்துரை ஏற்கப்பட்டது.

4. கவுண்டரில் இருந்தவர்

புது வசதியைப் போட்டுக் காட்ட நானே சிகாமட் போனேன். கவுண்டரில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து கை கொடுத்தார்.

"வாங்க சார். நான் முத்துக்குமரன், இங்க கிளார்க்கா இருக்கேன். லாபிஸ்லேர்ந்து தினமும் வரேன்."

நான் மூன்று வரியில் மூடிய அதே முத்துக்குமரன். எங்கள் ஹெல்ப் டெஸ்க்குக்கு மூன்று தடவை போன் செய்தாராம். அது ஃப்ரேம்வொர்க் பிரச்சினை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் தானே புரோகிராம் எழுதப் படித்து, ஃப்ரேம்வொர்க்காரர்களிடம் கேட்டிருக்கிறார். அங்கேயும் எங்கள் கம்பெனி ஆளான நான்தான் இருந்தேன்.

புது வசதியைப் போடுவதற்காக அதன் புரோகிராமைத் திறந்தேன். அவர் திரையை வரி வரியாகப் பார்த்தார்.

"இது நான் எழுதுனதுதானே சார்?"

"ஆமா."

"பேரெல்லாம் மாத்திருக்கீங்க."

"மன்னிச்சிருங்க முத்து. அன்னிக்கு உங்க பக்கத்த மூடுன அந்தோணி நான்தான். நான் செஞ்சது திருட்டு."

"அது இருக்கட்டும் சார். ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நான் எழுதுனது நெசமாவே புரியலையா? மகளப் படிச்சுப் பாக்கச் சொல்லிட்டுத்தான் போட்டேன். நீங்க அப்படிச் சொன்னப்புறம் நான் எங்கேயும் எழுதல."

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"புரிஞ்சுது" என்றேன். "மொதத் தடவ படிக்கும்போதே முழுசா புரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சாந்தி சிஸ்டர் வீட்ல உக்காந்திருக்க வேண்டியதில்ல" என்றார். அந்த நர்ஸின் பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

5. அதன் பிறகு

அன்றே ஹெலன் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பிறகு, டைப் செய்தது அழிந்தது எங்கள் சிஸ்டத்தின் குறை என்று சென்டருக்குக் கடிதம் அனுப்பினார். சாந்தி சிஸ்டரை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் மற்ற நால்வரிடமும் சொன்னேன். எழுதியவர் பெயரை முத்துக்குமரன் என்று மாற்றினோம். விவாதங்களை மூடும் அதிகாரத்தை நானே திருப்பிக் கொடுத்தேன். பழைய பக்கத்தைத் திறந்து, எனக்குப் புரிந்திருந்தது என்று எழுதினேன். அந்த மூன்று வரியை அழிக்கவில்லை. அழிப்பதும் இன்னொரு பொய்யாகிவிடும். மயங்கி விழுந்த அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வருகிற பரிந்துரைகளில் பாதியை மறுக்கத்தான் வேண்டியிருக்கும். மறுப்பதற்கு முன்னால், எழுதியவர் எங்கே வேலை செய்கிறார், அங்கே என்ன நடந்ததால் எழுதினார் என்று கேளுங்கள். எந்தக் காரணம் சொல்லி மறுத்தாலும், புரிந்ததைப் புரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குழுவில் சேரச் சொல்லி முத்துக்குமரனுக்கு இரண்டு முறை அழைப்பு அனுப்பினோம். "வேல இருக்கு சார்" என்று மரியாதையாகப் பதில் போட்டார். இன்றுவரை அவர் வேறு எதுவும் எழுதவில்லை.