லாரி ஷெட்டில் விளைந்த நெல்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இதுபோன்ற நினைவு மலர்களில், மறைந்தவர் யாரையும் பகைத்ததில்லை என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அம்மாவே எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

அம்மா பிறந்தது வாலாஜாபாத் அருகே, பாலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். வல்லம் வடகால் கிராமத்துக்கு மருமகளாக வந்தார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் பாகத்து நிலத்தில் அம்மா தனியாளாகப் பயிர் வைத்தார். பாகம் பிரித்ததெல்லாம் வாய்ப்பேச்சில்தான்; பட்டா, மூத்தவரான பெரியப்பாவின் பெயரிலேயே இருந்தது. அவருக்கு வாலாஜாபாத்தில் சிமெண்ட் கடை. சுற்றிலும் கம்பெனிகள் வந்து, அக்கம்பக்கத்தார் விற்றுவிட்டுப் போனபோதும் அம்மா பயிரை விடவில்லை. என்னை டிப்ளமோ படிக்க வைத்தது அந்த நெல்தான்.

ஒரு மார்கழியில் புயல் மழை. அறுப்புக்கு நின்ற நெல் வெள்ளத்தில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. அரசு நிவாரணம் அறிவித்தது. பட்டாவைக் காட்டி, பயிரிட்டவர் தாமே என்று சொல்லிப் பெரியப்பா அதை வாங்கிக்கொண்டார். தெரிந்ததும் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனார்.

"மாமா, பயிரு நான் வச்சது. அந்தப் பணம் எனக்கு வரவேண்டியது."

"நெலம் யார் பேர்ல கீது? கவர்மெண்ட்டு எனக்குத்தான் குடுத்துது. கடை வாசல்ல வந்து இன்னாத்துக்கு கத்திகினு கீறே?" என்றவர், வேலையாளைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு ஒரு டீ சொல்லு" என்றார்.

அம்மா டீயைத் தொடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "ஊரு பாக்க இந்தாள தலகுனிய வைக்கறேன், பாரு."

நகையை அடகு வைத்து மறுபடியும் நட்டார். அப்போது, "பகையை வளர்க்காதே" என்று அம்மாவுக்குப் புத்தி சொன்ன உறவினர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களில் ஒருவரும் பெரியப்பாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மீண்டும் வெள்ளம். இந்த முறை பெரியப்பாவுக்கு ஆசை பெருகிவிட்டது. எங்கள் வயலோடு, சாலையோரம் இருந்த தம் பாகத்திலும் நெல் அழிந்ததாகச் சொன்னார். அந்த இடத்தை அவர் எப்போதோ மண்ணடித்து மேடாக்கி, லாரி ஷெட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஊருக்கே தெரியும், புதிதாக வந்திருந்த கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாது.

அந்த அலுவலர் அம்மையார் பார்வையிட வந்தபோது, பெரியப்பா குடையோடு வரப்பில் நின்று எங்கள் வயலைக் காட்டினார். "இன்னொண்ணும் இதே மாதிரிதான் மேடம். அங்க போவ வழியில்ல, ஒரே தண்ணி."

சேற்றில் நின்றிருந்த அம்மா கரையேறி வந்தார். "வழி நான் காட்றேன் மேடம், வாங்க."

அம்மா முன்னே நடக்க, ஊரும் பின்னாலேயே போனது. லாரிகள் வரிசையாக நின்றன. "இதான் மேடம் எங்க மாமா நட்ட நெல்லு. எவ்ளோ ஒசரம் வளந்துகீது பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வயலை உழுதுதந்த டிராக்டர்காரர், பயிர் வைத்தவர் யார் என்பதை அங்கேயே சொன்னார். அந்த ஆண்டு நிவாரணம் அம்மாவுக்கு வந்தது. பெரியப்பா விசாரணைக்கு அலைந்தார். முன்பு வாங்கியதையும் திருப்பிக் கட்டினார். அவர் கட்டிய அன்று அம்மா கறி எடுத்துச் சமைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது பெரியப்பா பழங்களோடு வந்தார். "நடந்தது நடந்துபோச்சி. மனசுல ஒண்ணும் வச்சிக்காதமா."

அம்மா கண்ணைத் திறந்தார். "வச்சிகினுதான் மாமா போறேன்."

அதன்பின் இரண்டு நாள்தான் இருந்தார்.

அன்று உண்மை பேசிய டிராக்டர்கார அண்ணனுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், கம்பெனியில் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்து என்னை அம்மாவுடன் இருக்கவிட்ட சுங்குவார்சத்திரம் ஹாஸ்டல் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றியில் பெரியப்பாவையும் சேர்க்கும்படி சிலர் கேட்டார்கள். அவருக்கு வேண்டிய இடத்தை மேலேயே கொடுத்துவிட்டேன். மலரின் முதல் பிரதியும் அவருக்குத்தான். என் கையாலேயே கொடுப்பேன்.

— மகள்