பதினான்கு அடி

அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கோயில் மண்டபத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசியவர், தோட்டத்தில் பிறந்து இன்ஜினியரானவர், சொந்தப் பட்டறை வைத்து இருபது பேருக்கு வேலை கொடுத்தவர், குடும்பத்தைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டவர் என்று மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பா யார் என்று என்னைக் கேட்டால் நான் சொல்ல வேண்டியது அந்தப் பேச்சாளர் விட்டுவிட்ட ஒரு சம்பவம். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே அதைப் பற்றிப் பல வருடங்கள் யாரும் வாய் திறந்ததில்லை.

கெடா மாநிலத்தில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் அப்பா பிறந்தார். தாத்தாவுக்கு ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைவீட்டில் வேலை. தோட்டத்து ஆலையில் உருளை மெஷின் நின்றுவிட்டால் பினாங்கிலிருந்து ஃபிட்டர் வரும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களாம். அந்த ஆள் வந்து மெஷினைப் பிரிப்பதைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அடி வாங்கியதாக அப்பா சொல்வார். பிறகு சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குப் போய் இங்கிலீஷ் பள்ளியில் படித்தார். கோலாலம்பூரில் இன்ஜினியரிங் முடித்து, சில வருடங்கள் பினாங்கில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டு குரூண் போகும் சாலையில் பட்டறை திறந்தார். அரிசி ஆலைகளுக்கு மெஷின் செய்வதுதான் தொழில்.

வீட்டிலும் அவர் இன்ஜினியர்தான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ‘கூடம் விசிறி’, ‘பின்வாசல் விளக்கு’ என்று சின்ன எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவர் கையால்தான். புளியைத் தராசில் நிறுத்துப் போடுவார். “இது என்ன, மருந்தா?” என்று அம்மா கேட்பார். “போன வாரம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீல்ல? அதே எடைதான்” என்பார் அப்பா. என் பள்ளிச் சீருடையின் மடிப்புகளை அவர்தான் இஸ்திரி போடுவார். வேறு யார் போட்டாலும் அவருக்குத் திருப்தி வராது.

எனக்குப் பதினேழு வயதானபோது அது நடந்தது.

யான் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்கு அப்பா ஒரு மெஷின் செய்து கொடுத்திருந்தார். நெல் காயவைக்கும் உலைக்கு உமியைத் தள்ளும் மெஷின் அது. நீளமான இரும்புத் தொட்டிக்குள் பெரிய திருகாணியைப் போன்ற ஒரு தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். மழை நாளில் உமி ஈரமாகி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த ஒரு காலையில், அங்கே வேலை செய்த ஒருவர் மூடியைத் தூக்கிக் கையை விட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை போய்விட்டது. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தோட்டம் செம்பனைப் பயிருக்கு மாறியதும் ஆலை வேலைக்கு வந்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். மெஷினை நிறுத்தாமல் கையை விட்டது அந்த ஆளின் தப்பு என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆலைக்காரர் சொன்னார், கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவரே, “என் தப்புதான்” என்று சொன்னாராம். அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

அப்பா மறுநாள் அளக்கும் டேப் எடுத்துக்கொண்டு யானுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, சாப்பிடாமல் மேசையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வந்தார். நான் என் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“மூடிக்கும் சுவிட்சுக்கும் நடுவுல பதினாலு அடிடா” என்றார் அப்பா. “அந்த ஆளு ஒரு கையில மூடியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, இன்னொரு கையில பதினாலு அடி தள்ளி இருக்கிற சுவிட்ச எப்படி அமுக்குவான்?”

“தூசி படக்கூடாதுன்னுதானே செவத்துல வெச்சோம்? எல்லா மில்லுலயும் அப்படித்தானே இருக்கு?”

“எல்லா மில்லுலயும் அப்படித்தான் இருக்கு. அதைத்தான் சொல்றேன். வரைஞ்சது நானு.”

“அண்ணே, யாரும் உங்களக் கேக்கலலா. நீங்களா ஏன் போயி வாயத் தொறக்கிறீங்க?”

“யாரும் கேக்கலன்னா அந்த ஆளு தப்புன்னு எழுதிடுவாங்க.”

“எழுதட்டும். அவனே ஒத்துக்கிட்டானே.”

மறுநாள் அப்பா அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய், நிறுத்தும் சுவிட்சைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தது தன்னுடைய வரைபடத்தின் குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சீக்கிரமாக நடந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக விலகின. ஆள் கையை வெட்டிய மெஷின் என்று பேர் வந்துவிட்டது. சித்தப்பா தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். இருபது பேர் வேலை செய்த பட்டறையில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். நாங்கள் இருந்த பெரிய வீட்டை விற்றுவிட்டு, பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டுக்கு மாறினோம். என்னை மருத்துவம் படிக்க இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு வருடமாகப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு நின்றுபோனது. நிறுத்துகிறேன் என்று அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விண்ணப்பத்தை அம்மா கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

அப்பாவிடம் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில். என் சீருடையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

அதே மெஷின் இன்னும் பத்து ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வோர் ஆலையாகப் போய், தொட்டி நெடுக ஒரு கம்பிக் கயிறு கட்ட ஆரம்பித்தார். எந்த இடத்தில் நின்று இழுத்தாலும் மெஷின் நின்றுவிடும். மூடியைத் தூக்கினாலும் நின்றுவிடும். வேண்டாம் என்று சொன்ன ஆலைகளுக்கும் போனார். ஓர் ஆலையில் கேட்டையே திறக்கவில்லை. மூன்று நாள் காலையில் போய், வெளியே ஆங்சானா மரத்தடியில் காடியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நாலாவது நாள் உள்ளே விட்டார்கள்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள், “அப்பா தனியா போறாரு, கூடப் போயிட்டு வா” என்று அம்மா என்னைத் துரத்திவிட்டார். யான் போகும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அறுவடை முடிந்த வயல்களுக்குப் பின்னால் ஜெராய் மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது.

ஆலையில் மெஷினை நிறுத்தி, பெரிய சுவிட்சை இறக்கி, அதில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“மூடியத் தூக்கிப் புடி.”

தூக்கினேன். கனமாக இருந்தது. உமித் தூசி மூக்கில் ஏறியது.

“புடிச்சிக்கிட்டே மத்த கைய நீட்டு. எது வரைக்கும் எட்டுது பாரு.”

நீட்டினேன். என் விரல் நுனிக்கு அப்பால் சுவர் எங்கேயோ இருந்தது. சிவப்புச் சுவிட்ச் பொட்டு மாதிரி தெரிந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். திருகின் விளிம்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. அதுவரை அந்த ஆளை நான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தவராக மட்டும்தான் நினைத்திருந்தேன். அவருக்கு ஒரு கை இருந்தது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

அப்பா சுண்ணக்கட்டியால் என் விரல் நுனிக்கு நேரே ஒரு கோடு போட்டார். “இதுக்கு உள்ளதான் கயிறு வரணும்” என்றார். ஏணியில் ஏறி வேலையைத் தொடங்கினார். நான் கீழே நின்று ஆணிகளை எடுத்துக் கொடுத்தேன். கோபம் அன்றே போய்விட்டது என்று சொன்னால் பொய். போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைச் சத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

கை போனவரின் வீட்டுக்கும் அப்பா போனார். முதல் தடவை அம்மாவும் கூடப் போனார். பழம், பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவருடைய மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“நீங்க உண்மையச் சொன்னீங்களாம், எல்லாரும் பெருமையாப் பேசுறாங்க” என்றாராம். “உங்களுக்கு நல்ல பேரு சார். எங்களுக்கு என்னா?”

அப்பா எழுதிக் கொடுத்த கடுதாசியால்தான் அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது என்று யாராவது பதில் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அப்பா சொல்லவில்லை. “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். காடியில் வரும்போது, “அந்தம்மா கேட்டது நியாயம்தான்” என்று மட்டும் சொன்னதாக அம்மா என்னிடம் சொன்னார்.

மாதம் ஒருமுறை போய்க்கொண்டே இருந்தார். ஒரு வருடம் கழித்து வாசலில் நாற்காலி போட்டார்கள். இரண்டாவது வருடம், பட்டறைக்கு வேலைக்கு வரும்படி கை போனவரை அப்பா கேட்டார்.

“ஒத்தக் கைய வெச்சிக்கிட்டு நான் என்னா சார் செய்வேன்? கேட்டுல உக்காரணுமா?”

“மெஷின் செஞ்சி முடிச்சதும் நீங்க பாக்கணும். எங்க கை போகும், எங்க கால் போகும், எது எட்டல, எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டாதான் மெஷின் வெளிய போகும்.”

“நான் வேணான்னு சொல்லிட்டா?”

“பிரிச்சி மறுபடி செய்வோம்.”

அவர் வந்தார். இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினார். முதல் மாதமே ஒரு மெஷினைத் திருப்பி அனுப்பினார். மூடியின் கைப்பிடி கூராக இருக்கிறது என்றார். அப்பா அதைப் பிரித்தார். மெல்ல மெல்ல ஆலைகள் திரும்பி வந்தன. பழைய அளவுக்கு இல்லை, பட்டறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேரவே இல்லை. ஆனால் எனக்குப் பின் பிறந்த தம்பியைப் படிக்கவைக்க முடிந்தது. நான் ஆசிரியையாகி, கெடாவின் நான்கு தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் வாயில் ‘சார்’ எப்போது ‘அண்ணே’ ஆனது என்று எனக்கு நினைவில்லை. அவருடைய மகள் கல்யாணத்தில் அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் தடுத்த அதே அக்காதான் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டார்.

கடைசி வருடம் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். நாலு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். “அப்பா, அன்னிக்கு எழுதிக் கொடுத்ததுக்கு எப்பவாச்சும் வருத்தப்பட்டீங்களா?”

“எழுதினதுக்கு வருத்தம் இல்லம்மா” என்றார். “எழுதறதுக்கு முன்னால உன்ன உக்கார வெச்சிப் பேசியிருக்கணும். உன் படிப்பும் அதுல போகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட கேக்கல. நீ வேணான்னு சொல்லிடுவியோன்னு பயம்.”

“சொல்லியிருப்பேன்” என்றேன்.

“தெரியும்” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். குழாய் குத்தாத கையை என் பக்கம் நகர்த்தினார். நான் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடம் நாங்கள் இருவரும் தள்ளிப்போட்ட பேச்சு அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே முடிந்துவிட்டது.

வாய்க்கரிசி போடும்போது எல்லாரும் வரிசையாக வந்தார்கள். பட்டறைக்காரர்களோடு கை போனவரும் வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். தட்டின் முன்னால் வந்து அரிசியை எடுக்காமல் நின்றார். இடது கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், “அவரு பேருக்கு வேற யாராச்சும் போடுங்கப்பா” என்றார்.

அதுவரை யாரோடும் பேசாமல் சுவரில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார்.

“தம்பி, நீங்களே போடுங்க. அந்தக் கையாலேயே போடுங்க.”

அவர் குனிந்து அரிசியை அள்ளி அப்பாவின் உதட்டில் வைத்தார். பாதி கன்னத்தில் சிந்தியது. சிந்தியதை ஒவ்வொரு மணியாக எடுத்து வைத்தார். வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. சித்தப்பா அவருக்குப் பின்னால் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தபோது மணி நான்கிருக்கும். வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். கை போனவருடைய மனைவி அடுப்படியில் நின்று ரசம் வைத்து, சோறு வடித்து, ஒரு தட்டில் பிசைந்து அம்மாவிடம் கொண்டுவந்தார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த அக்கா போகவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, அந்த அக்கா நீட்டிய கவளத்துக்கு அம்மா வாயைத் திறந்தார்.