ஒரு முகவரிக்கு ஒரு வண்டி

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழையும்போது, சந்தியில் ஓட்டோ ஓட்டும் சிவகுமார் அழைத்தார். "ஐயா, பிலோமினாக்கா போயிட்டாங்க. நெஞ்சுவலின்னு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காப்பாத்த முடியல." துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். மேற்பிரிவுக்காரர்களான உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை, அவர் இருக்கும்போதே சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தோட்டத்து மேற்பிரிவின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பஸ் ஓடும் பாதைக்கு இறங்க ஒரு மணிநேரம் நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கணவர் இறந்தபின் அவருடைய ஓட்டோவை எடுத்து, அந்தக் குழிப்பாதையில் கடைசிவரை ஓட்டியவர் பிலோமினாக்கா. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் உங்களுக்கெல்லாம் கூடுதல் பங்கு வாங்கிக் கொடுத்தவர் அவர் என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் முதலில் அதைத் தடுத்தவன் யார் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை.

அது நான்தான். கூடுதல் பெற்றோல் கேட்டு, வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் அனுப்பிய விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வந்தன. மேற்பிரிவிலிருந்து வந்தவை ஒன்பது. ஒன்பதிலும் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. ஒரு முகவரிக்கு ஒரு வண்டி என்பது விதி. அடுக்கில் மேலாகக் கிடந்த பிலோமினாக்காவின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, மற்ற எட்டையும் தள்ளிவிட்டேன். நானும் லயத்தில் பிறந்தவன். என் பரீட்சை முடிவுகூட தோட்டத்து ஆபீசுக்குத்தான் வந்தது. ஒன்பதும் வேறு வேறு வீடுகள் என்று தெரிந்தேதான் அப்படி எழுதினேன். சொந்த ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறான் என்று பக்கத்து மேசையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினேன். கோழைக்கு விதி நல்ல போர்வை. கடிதங்களில் மேலதிகாரியின் கையெழுத்து இருந்ததால் என் பெயர் வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் பிலோமினாக்கா கவுண்டருக்கு வந்து, தன் அனுமதிக் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"இதை யாரு முடிவு பண்ணது?"

"நான்தான். எல்லாம் ஒரே முகவரிம்மா."

"பெரட்டுல நிக்கும்போது ஒவ்வொருத்தர் பேரையும் தனித்தனியா கூப்புடுறாங்க. ஒரு ஆளு கொறைஞ்சா கண்டுபுடிச்சிடுறாங்க. பெற்றோலுக்கு மட்டும் நாங்க எல்லாரும் ஒரே வூடா?"

காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் என் அம்மாவும் நின்றிருக்கிறார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "பாத்துட்டு எழுதுங்க" என்றவர், மறுநாளே தன் ஓட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்.

லயத்து வாசலில் மற்ற எட்டு ஓட்டோக்களும் பெற்றோல் இல்லாமல் நின்றன. நாங்கள் போய் நிற்பதற்குள் இரண்டு பக்கமும் கூச்சல். ஒற்றையறைக் காம்பரா ஒன்றிலிருந்து கமலாவைத் தாங்கிப் பிடித்து வந்தார்கள், பிரசவ வலி. எதிர் லயத்திலிருந்து பெரியவர் செபமாலையைத் தூக்கி வந்தார்கள். மூச்சிழுப்பு முற்றி உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டு வீட்டாரும் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பிலோமினாக்கா என் பக்கம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"ஒரு வண்டி போதும்னு எழுதுனது நீங்கதானே. யாரை ஏத்துறதுன்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. கமலாவைச் சாய்த்து உட்கார வைத்து, செபமாலையைப் பக்கத்தில் நெருக்கி, அவர் மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் அங்கேயே நின்றேன். யாரோ பிளேன்டீ கொடுத்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டோ திரும்பி வரும் சத்தம் கேட்கிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். இரண்டு மணிநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். "ரெண்டு பேரையும் சேத்தாச்சு. டாக்டர் பாத்துட்டாரு" என்றார். அதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பிற்பகலே லய எண்ணையும் காம்பரா எண்ணையும் முகவரியாக எழுதி, எட்டு விண்ணப்பங்களையும் மேலதிகாரி முன்னால் வைத்து வாதாடினேன். கிடைத்தது.

"ஐயா மேல வந்து பாத்து எழுதுனாரு" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நீங்கள் எனக்கு மாலை போட்டீர்கள். கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினேன். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று பிறகொரு நாள் அவரிடம் கேட்டேன். "சொன்னா உங்களுக்கு வெக்கமாப் போகும், தம்பி. வெக்கப்பட்ட ஆளு மறுபடி தோட்டத்துப் பக்கம் வரமாட்டாரு. எங்களுக்கு நீங்க வரணும்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவேயில்லை.

அந்த மாலையை இன்று உங்களிடம் திருப்பித் தருகிறேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு, நேரில் போய்ப் பார்க்காமல் எந்த விண்ணப்பத்தையும் தள்ளியதில்லை. அடக்கத்தன்று கல்லறையில் செபமாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் அக்காவும் இல்லாட்டி நான் ஏதுங்க" என்று அழுதார். லயத்து வாசலில் அன்று நான் வாயைத் திறந்தது கமலாவின் பெயரைச் சொல்லத்தான்.