ஹஸ்மி நானாவின் பத்தொன்பது சென்டிமீட்டர்

ஹஸ்மி நானா முதலில் தன் வலக்கையைத்தான் அளப்பார். மாம்புரிக் கரையில் தோணி ஒதுங்கியதும் அளவுப் பலகையை மணலில் வைப்பார். அதன் தலைக்கட்டையில் மணிக்கட்டை முட்டவைத்து விரல்களை நீட்டுவார். "பத்தொம்பது. பலக சரி." அதைத் தாளின் தலையில் எழுதிய பிறகுதான் மீன். மூக்கு கட்டையில் முட்ட, வால் பிளந்த இடம் எங்கே நிற்கிறதோ அதுதான் நீளம்.

ஆராய்ச்சிக் கப்பலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கடலின் அடி, தண்ணீர், மீன் எல்லாவற்றையும் அளக்க வந்த அந்தக் கப்பல்காரர்கள், மீன் பிரிக்க எங்கள் கரையில் ஒருவரைக் கேட்டார்கள். நானும் பெயர் கொடுத்தேன். பதினெட்டு ஆகவில்லை என்று வெட்டிவிட்டார்கள். நானா இருபத்தாறு நாள் போய் வந்தார். முதல் நான்கு நாளும் வாந்தியாம். தோணியிலேயே வளர்ந்த மனுசனுக்குப் பெரிய கப்பலில் தலை சுற்றியிருக்கிறது. எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

"கடலெண்டா ஒரே தண்ணி இல்லடா. மேல சூடு, கீழ குளிர், உப்பும் வேற வேற" என்பார் தேத்தண்ணிக் கடையில், கப்பலில் கொடுத்த செம்மஞ்சள் சட்டையோடு. கலியாண வீட்டுக்கும் அதே சட்டைதான். "கப்பல் வந்திட்டு, இருக்கக் கதிரயக் குடுங்க" என்பார் அவர் மனைவி நஸ்ஹா மச்சி. எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

மூன்று மாத அளவுத் தாள்களைப் பிழையில்லாமல் கப்பல்காரர்களுக்குக் கொடுத்தால் அடுத்த பயணமும் அவருக்குத்தான். கடைசி வெள்ளிக்கிழமை தலைக்கட்டையில் ஒரு சென்டிமீட்டர் தடிப்பான பலகைத் துண்டை ஒட்டினேன். கையை வைத்ததும் முழிப்பார், சிரிக்கலாம் என்றுதான். அன்று பார்த்துத் தோணிகள் பிந்தின. ஜும்ஆத் தொழுகைக்கு ஓடும் அவசரத்தில் கையை வைக்காமலே முந்நூறு சூடை மீனை அளந்து முடித்தார். மாம்புரிச் சூடை எல்லாம் ஒரே நாளில் வளர்ந்துவிட்டது.

சனி காலை கை இருபது காட்டியது. "ஒரு ராவுக்குள்ள வளந்திட்டா?" என்று சிரித்தவர், கட்டையைத் தடவி ஒட்டிய துண்டைக் கண்டதும் நேற்றைய தாளை எடுத்தார். பத்து மணிக்குத் தாள் எடுக்க ஆள் வரும்.

"ஒண்டக் கழிச்சிட்டாச் சரிதானே, நானா?"

"எந்த மீன்லயிருந்து கழிக்கிற? முதலே ஒட்டினதோ, நடுவுல ஒட்டினதோ, ஆருக்குத் தெரியும்? தெரியாத கணக்குக் குடுக்க ஏலா. நேத்தயான் தாள வெட்டத்தான் வேணும்."

"அப்ப கப்பல்?"

"கப்பலும் இல்ல."

பேனையைத் தாளின் குறுக்கே கொண்டுபோனார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இடம் காலி. அடுத்த மாதம் எனக்குப் பதினெட்டு.

"முதல் மீனுக்கு முந்தியே, நானா. விடியச் சுபஹ் தொழுதிட்டு வந்து ஒட்டின. நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில், எல்லா மீனிலும் ஒன்று கழிக்கவும் என்று எழுதினார். கத்தியால் துண்டைப் பெயர்த்தார். "நாசமாப் போவானே, என்ன பசயாலடா ஒட்டின?"

கையை வைத்தார். பத்தொன்பது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்திழுத்துக் கட்டையில் முட்டவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். பதினேழரை. அதையும் புதிய தாளின் தலையில், தன் பத்தொன்பதுக்குக் கீழே எழுதினார்.